ஜெனோவாவிலிருந்து ஒரு கார்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து ஜெனோவா ஊரில், அந்தக் காலத்துத் தபால்காரர் ஸ்னோஷூ தாம்சனின் கல்லறையில் ஏன் அவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று காரில் கேட்டாய். அப்போது தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் சொல்ல வரவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் தபால் பை சுமந்தவன் நான். ஐப்பசி மழையில் கடிதம் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. ஸ்னோஷூ தாம்சன் 1856 முதல் இருபது குளிர்காலம் சியரா நெவாடா மலையைத் தாண்டித் தபால் கொண்டுபோயிருக்கிறார். கலிபோர்னியாவின் பிளேசர்வில்லிலிருந்து ஜெனோவா வரை 90 மைல். போக மூன்று நாள், திரும்ப இரண்டு நாள்.

நார்வேயின் டெலிமார்க்கில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா வந்தவர். சிறுவயதில் ஊரில் பார்த்த பனிச்சறுக்குக் கட்டையை ஞாபகம் வைத்து, ஓக் மரத்தில் தானே செதுக்கிக்கொண்டார். பத்தடி நீளம், 25 பவுண்டு கனம். கையில் ஒரே ஒரு கம்பு. போர்வைகூட எடுத்துப் போகமாட்டார். பட்ட மரத்துக்குத் தீ வைத்து, அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வாராம்.

முதல் வருஷமே ஒரு சம்பவம். மலைமேல் குடிசையில் ஜேம்ஸ் சிசன் என்பவர் கால் இரண்டும் உறைந்து, பன்னிரண்டு நாளாகத் தனியாகக் கிடந்தார். தாம்சன் ஜெனோவாவுக்கு இறங்கி, ஆட்களைக் கூட்டிப்போய், அவரைச் சறுக்கு வண்டியில் இழுத்து வந்தார். காலை எடுக்க வேண்டும், மயக்க மருந்து இல்லை என்றார் வைத்தியர். சரி என்று மறுபடி மலையேறி, சாக்ரமெண்டோ வரை போய்க் குளோரோஃபார்ம் வாங்கி வந்தார். சிசன் பிழைத்தார். நம்மில் யார் பாப்பா, இறங்கிய களைப்பு ஆறுவதற்குள் அந்த மலையை இன்னொரு தரம் ஏறுவோம்?

இத்தனைக்கும் அரசாங்கம் அவருக்குச் சம்பளமே கொடுக்கவில்லை. வாஷிங்டன் வரை போய்க் கேட்டும் வெறுங்கையோடு வந்தார். 1876ல், 49 வயதில், போய்விட்டார். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. அந்தக் கல்லில் செதுக்கியிருந்த பனிச்சறுக்குக் கட்டை ஜோடியைப் பார்த்தபோது, அவருக்குச் சேர வேண்டியதை யாரோ பிடித்துவைத்துவிட்டது போல நெஞ்சு கொதித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை எனக்கு.

நீ வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள், பனி ஆகாது உனக்கு. அப்புறம், அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், போனில் படம் அனுப்பாதே. ஸ்டாம்பு ஒட்டி, அந்த ஊரிலேயே எனக்கு ஒரு கார்டு போடு.

அன்புடன்,
அப்பா