பெயரையும் லாபத்தையும் தாண்டி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் பங்குகளை வைத்திருக்கும் இடிஎஃப் ஒன்றில் போட முடிவு செய்திருப்பதாகவும், அதற்கான நிதியைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் அந்த நிதியைப் பற்றி நீ குறிப்பிட்டிருந்தவை இரண்டே செய்திகள்தான்: அதன் பெயர், கடந்த ஓராண்டில் அது ஈட்டிய லாபம். இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பல நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகுப்பில் உரிமை தரும் யூனிட்டுகளைச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே நாள் முழுவதும் வாங்கி விற்க வழி செய்யும் நிதிதான் இடிஎஃப் (எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட்). 1990-இல் டொராண்டோ சந்தையிலும், 1993 ஜனவரியில் அமெரிக்கப் பெருநிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றி அமெரிக்காவிலும் இவை அறிமுகமாயின. குறியீடு என்பது, குறிப்பிட்ட விதிகளின்படி தேர்ந்தெடுத்த பங்குகளின் போக்கை ஒரே எண்ணாகக் காட்டும் பட்டியல். இன்றும் இவற்றில் போடப்பட்ட பணத்தில் பெரும்பகுதி ஏதேனும் ஒரு குறியீட்டைப் பின்பற்றும் நிதிகளிலேயே இருக்கிறது. எந்தப் பங்கு உள்ளே வரும், எது வெளியேறும், எதற்கு எவ்வளவு எடை, அதாவது மொத்தத்தில் எவ்வளவு பங்கு, என்பதையெல்லாம் அந்தக் குறியீட்டின் விதிகளே தீர்மானிப்பதால், நிதியை ஆராய்வது என்பது முதலில் அதன் குறியீட்டை ஆராய்வதுதான். எஸ் அண்ட் பி 500-இல் நிறுவனத்தின் சந்தை மதிப்பு பெரிதாக இருந்தால் எடையும் பெரிதாகும். டௌ ஜோன்ஸ் குறியீட்டிலோ ஒரு பங்கின் விலை எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு எடை. நிறுவனம் பெரியதா சிறியதா என்பது அங்கே கணக்கில் வராது. ஒரே நாட்டின் பெருநிறுவனங்களைக் கொண்ட இரு குறியீடுகளே இப்படி வேறுபட்டு நிற்கும்போது, பெயரைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்க முடியாது.

எத்தனை பங்குகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. எஸ் அண்ட் பி 500-இல் ஐந்நூறு நிறுவனங்கள் இருந்தும், 2024-இன் இறுதியில் முதல் பத்து நிறுவனங்களே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வைத்திருந்தன. அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குபவர் அதை அறிந்து வாங்க வேண்டும். ஒரே நாட்டையோ ஒரே துறையையோ நம்பியிருக்கும் நிதியில் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989-இன் இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் கடந்தது. இடையில் கிடைத்த டிவிடெண்டுகள், அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்த லாபம், அந்தக் கணக்கில் சேரவில்லை என்றாலும், முப்பத்து நான்கு ஆண்டுகள் என்பது ஒருவர் உழைத்துச் சேமிக்கும் காலம் முழுவதற்கும் ஏறத்தாழச் சமம் என்பதை நினைத்துப் பார்.

உன் விஷயத்தில் என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். நீ தேர்ந்தெடுத்திருக்கும் நிதி, நீ வேலை செய்யும் அதே துறையின் நிறுவனங்களைக் கொண்டது. அந்தத் துறை உனக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கை பிறந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் துறை சரியும் ஆண்டில் உன் வேலைக்கும் சேமிப்புக்கும் ஒரே நேரத்தில் அடி விழும். வேலை போய்ப் பணம் தேவைப்படும் அந்த மாதத்திலேயே யூனிட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்க நேரிடும். தெரிந்த துறை என்பது பாதுகாப்பான துறை ஆகாது, கண்ணம்மா.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வளர்ந்துவரும் தொழில் ஒன்றின் பெயரைத் தாங்கிய நிதியைப் பெயருக்காகவே வாங்கினேன். பல மாதங்கள் கழித்துப் பங்குப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, அதன் எடையில் பாதி மூன்றே நிறுவனங்களில் இருந்தது. அந்த மூன்றும் என்னிடம் ஏற்கெனவே இருந்த பரந்த நிதியிலும் முதன்மை இடத்தில் இருந்தன. பிரித்து வைப்பதாக நினைத்து, ஒரே இடத்தில் குவித்திருந்தேன். போதாக்குறைக்கு, சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில், விலை வரம்பு எதுவும் குறிக்காமல் மார்க்கெட் ஆர்டர் போட்டு வாங்கியிருந்தேன். அந்த நிதியின் பங்குகள் வேறொரு நாட்டுச் சந்தையில் விற்பனையாகின்றவை. அந்த நேரத்தில் அந்தச் சந்தை மூடியிருந்தது. ஆகவே உள்ளே இருந்த பங்குகளின் மதிப்பைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை கொடுத்திருந்தேன்.

இது எப்படி நேர்கிறது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். இடிஎஃப் யூனிட்டுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு: உள்ளே இருக்கும் பங்குகளைக் கூட்டினால் வரும் நிகர சொத்து மதிப்பு ஒன்று, சந்தையில் அந்த நொடியில் நடக்கும் விலை மற்றொன்று. விலை மதிப்பை மிஞ்சினால், அதற்கென அனுமதி பெற்ற பெரிய நிறுவனங்கள் பங்குத் தொகுப்பை நிதியிடம் கொடுத்துப் புது யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்கும். விலை கீழே வரும். விலை குறைந்தால் யூனிட்டுகளை வாங்கித் திருப்பிக் கொடுத்துப் பங்குகளைப் பெற்றுக்கொள்ளும். விலை மேலே ஏறும். இந்தப் போக்குவரத்து சீராக நடக்கும் வரை இரண்டும் ஒட்டியே நிற்கும். உள்ளிருக்கும் பங்குகளின் விலையையே நிச்சயமாகச் சொல்ல முடியாத நேரங்களில் அது தடுமாறும். 2015 ஆகஸ்ட் 24 காலையில் அமெரிக்கச் சந்தையில் அதுதான் நடந்தது: பல இடிஎஃப்கள் தம்மிடம் இருந்த பங்குகளின் மதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்பனையாயின, அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வர்த்தகம் இடைநிறுத்தப்பட்டது. ஆகவே எப்போதும், இந்த விலைக்கு மேல் வாங்கமாட்டேன் என்று வரம்பு குறிக்கும் லிமிட் ஆர்டர் போடு. சந்தை திறந்தவுடனும் மூடுவதற்குச் சற்று முன்னும் வாங்காதே. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஒரு நாள் மட்டும் பார்க்காமல், சில நாள்கள் தொடர்ந்து கவனி. யூனிட்டுகள் தினமும் குறைவாகவே கைமாறுகின்றன என்பதற்காக மட்டும் ஒரு நிதியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். உள்ளிருக்கும் பங்குகள் தாராளமாக விற்பனையாகும்போது, அந்த இடைவெளி குறுகலாகவே இருக்க முடியும்.

செலவைப் பற்றி நீயே கேட்டிருந்தாய். 100 என்ற தொகை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்வதாகக் கொண்டால், அதில் ஆண்டுதோறும் 0.1 சதவீதம் நிதியின் செலவில் போக, 30 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 740 ஆகும். 1 சதவீதம் செலவில் போனால் ஏறத்தாழ 574-தான் ஆகும். ஆனால் அறிவிக்கப்பட்ட செலவு விகிதத்தோடு நின்றுவிடாதே. குறியீடு தந்த லாபத்துக்கும் நிதி தந்த லாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது டிராக்கிங் டிஃபரன்ஸை, ஐந்து ஆண்டுகளுக்காவது எடுத்துப் பார். பங்குகளை வாங்கி விற்கும் செலவு, வெளிநாட்டு டிவிடெண்டில் பிடிக்கப்படும் வரி, பங்குகளைக் கடனாகக் கொடுத்து ஈட்டும் வருமானம் எல்லாம் அதில்தான் வெளிப்படும். டிராக்கிங் எரர் என்று இன்னொன்றும் சொல்வார்கள். அது அந்த வித்தியாசம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ஒப்பிடும்போது டிவிடெண்டையும் சேர்த்த டோட்டல் ரிட்டர்ன் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். விலையை மட்டும் காட்டும் குறியீட்டோடு ஒப்பிட்டால், பின்தங்கிய நிதியும் முன்னே நிற்பதாகத் தோன்றும்.

பெயரில் '2எக்ஸ்', '3எக்ஸ்' என்று இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். அவை ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே இரட்டிப்பாக்குவதையும் மும்மடங்காக்குவதையும் நோக்கமாகக் கொண்டவை. குறியீடு ஒரு நாள் 10 சதவீதம் ஏறி மறுநாள் 10 சதவீதம் இறங்கினால் 100 என்பது 99 ஆகும். இரட்டிப்பு நிதியில் அது 96 ஆகிவிடும்.

நிதி உண்மையிலேயே பங்குகளை வாங்கி வைக்கிறதா, அல்லது ஒரு வங்கியோடு ஸ்வாப் ஒப்பந்தம் போட்டுக் குறியீட்டின் லாபத்தைப் பெறுகிறதா என்பதையும், டிவிடெண்டை உனக்குத் தருகிறதா, உள்ளேயே மறுமுதலீடு செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். மிகச் சிறிய நிதியாக இருந்தால் நிர்வாகம் அதை மூடிவிடலாம்; அப்போது நிகர சொத்து மதிப்புக்குப் பணம் திரும்பி வரும் என்றாலும், அந்த நேரத்தைத் தீர்மானிப்பது நீயாக இருக்கமாட்டாய்.

இந்த மாதத் தொகையை அப்படியே வங்கிக் கணக்கில் வைத்திரு. ஒரு மாதம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது. நீ தேர்ந்தெடுத்த நிதியின் ஃபேக்ட்ஷீட்டையும் (நிதி நிர்வாகம் வெளியிடும் விவரத் தாள்), பரந்த சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் வேறொரு நிதியின் ஃபேக்ட்ஷீட்டையும் அருகருகே வைத்து, முதல் பத்துப் பெயர்களையும் அவற்றின் எடையையும் உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு. அவற்றில் எத்தனை நிறுவனங்கள் உன் நிறுவனத்தோடு போட்டியிடுபவை, எத்தனை அதன் வாடிக்கையாளர்கள் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடு. அது கைக்கு வந்ததும் நாம் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா