நோயாளியுடன் வருபவர் மருத்துவமனையின் ஊழியரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை அரசு மருத்துவமனைகளில் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் திறக்கப்படுவதையும், அரிய அறுவை சிகிச்சைகள் வெற்றிகரமாக நடப்பதையும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அவை வெளியிடப்பட வேண்டிய செய்திகளே. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் ஒரு நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு யார் தள்ளிச் செல்கிறார், அவருடைய ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அவர் உடல்நிலை பற்றி வீட்டாரிடம் யார், எப்போது பேசுகிறார் என்பவை ஒருநாளும் செய்தியாவதில்லை. நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளை வாட்டுவது சிகிச்சையின் குறைபாட்டைவிட இந்த இடைப்பட்ட வேலைகளின் குறைபாடுதான் என்பதும், அவ்வேலைகளில் பெரும்பகுதி கூலியில்லாமல் உறவினர் தலையில் விழுந்திருக்கிறது என்பதும் என் கருத்து. அதை எழுதவே இக்கடிதம்.

அரசு மருத்துவமனை என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். 1664-இல் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே வளர்ந்து நிற்கும் பொது மருத்துவமனைக்கு வட மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இன்றும் மக்கள் வந்து இறங்குகிறார்கள் என்றால், அங்குள்ள மருத்துவர்களின் கைத்திறன் மீது அவர்களுக்குள்ள நம்பிக்கையே காரணம். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. மருந்து விஷயத்தில் தமிழ்நாடு செய்து காட்டியது அதைவிடப் பெரிது. மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவில் இயங்கத் தொடங்கியபின், மருந்துகள் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டு, மாவட்டக் கிடங்குகளுக்கு வந்து, தரப் பரிசோதனை முடிந்தபின் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குரிய பாஸ்புக்கைக் காட்டித் தேவையானதை எடுத்துக்கொள்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தத்தம் மாநிலங்களில் இத்தகைய கழகங்களை அமைத்தன. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இவையெல்லாம் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. மருந்து எங்கிருந்து, யார் பொறுப்பில், எந்தக் கணக்கில் வரவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முறை வகுத்ததால் நடந்தன. நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கு மட்டும் அப்படி ஒரு முறையை யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை.

என் மூத்த சகோதரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நகரின் நடுவிலுள்ள ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 108 வண்டியிலிருந்து இறக்கியவுடனேயே பார்த்தார்கள், வலி குறைய ஊசி போட்டார்கள், படம் எடுத்தார்கள், காலுக்கு எடை கட்டினார்கள். எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றியதிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது. காலையில் ரத்தம் எடுத்த பயிற்சி மருத்துவர், ஊதா மூடியும் நீல மூடியும் போட்ட குழாய்களை என் கையில் கொடுத்து, ‘பெரியவரே, இதை லேபில் குடுத்துட்டு, ரிப்போர்ட்டை மத்தியானம் வாங்கிட்டு வந்துடுங்க’ என்றார். குழாயின்மேல் சுற்றியிருந்த பிளாஸ்திரித் துண்டில் பெயர், வயது, வார்டு எண் ஆகியவை பேனாவால் எழுதப்பட்டிருந்தன. ஆய்வகம் வேறொரு கட்டடத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை வியர்வையில் மை கலங்கி, வயது 68-ஆ 63-ஆ என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் குழாயைச் சட்டைப் பையில் பேனாவைப்போல் செருகியிருந்தார். பின்னால் நின்ற பெண்மணி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

இது வெறும் அலைச்சலைப் பற்றிய புகார் அன்று. நீல மூடிக் குழாய் ரத்தம் உறையும் நேரத்தைக் கணிப்பதற்கானது. அறுவை சிகிச்சைக்கு முன் அந்த முடிவை வைத்தே பல தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. அதில் ரத்தம் குறித்த அளவு இருக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். குழாய் கண்டபடி குலுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இதெல்லாம் சட்டைப் பையில் குழாயைச் செருகிய அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் கொடுத்தவருக்குத் தெரியும். ஆனால் கொடுத்தனுப்ப அவருக்கு வேறு ஆள் இல்லை. ஒரு பெயர் இன்னொரு பெயராக வாசிக்கப்பட்டால், அந்தத் தவறு எந்த ஏட்டிலும் தவறாகப் பதிவாகப் போவதில்லை.

ஸ்ட்ரெச்சர் விஷயம் இதைவிட மோசம். மறுபடியும் படம் எடுக்க வேண்டும், மயக்க மருந்து நிபுணரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும், இதயத் துறையில் எக்கோ பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை வெளியே கொண்டு போகும்போதும், முதலில் ஸ்ட்ரெச்சரைத் தேட வேண்டும், பிறகு தள்ளுவதற்கு ஆளைத் தேட வேண்டும். ஆள் கிடைத்தால் கை நீட்டுவார். கிடைக்காவிட்டால் நாமே தள்ள வேண்டும். லிஃப்டின் வாசலில் தரைக்கும் லிஃப்டுக்கும் இடையே இருந்த மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது என் சகோதரி அலறியதை நான் கேட்டேன். இடுப்பெலும்பு முறிந்தவரைப் படுக்கையிலிருந்து மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விரிப்போடு சேர்த்து, காலை நேராகத் தாங்கி, நாலு பேர் ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். நானும் என் மருமகனும் பக்கத்துப் படுக்கைக்காரரின் தம்பியும் தூக்கியது எந்த முறையிலும் சேராது. கை நீட்டுபவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள். துப்புரவு, ஸ்ட்ரெச்சர், குப்பை அகற்றுவது எல்லாம் ஒருவரே பார்க்கிறார். நான் கண்ட வார்டில் இரவில் ஒரே ஒரு செவிலியர் இருந்தார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் செவிலியர்கள் நிரந்தரப் பணி கேட்டுப் போராடும் செய்தியைத் தங்கள் இதழிலேயே அவ்வப்போது படிக்கிறோம்.

உடன் ஆள் இருக்கும் நோயாளியின் கதை இது. ஆள் இல்லாதவர் கதை என்ன? எங்கள் வார்டில் மூலைப் படுக்கையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர் கிடந்தார். அவருடன் வந்தவர்கள் கூலி போய்விடும் என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ‘அட்டெண்டர் எங்கே?’ என்று, அதாவது உடன் இருப்பவர் எங்கே என்று, யார் கேட்டாலும் அவர் விழித்தார். அட்டெண்டர் இல்லாததால் அவருக்கு எடுக்க வேண்டிய ஸ்கேன் தள்ளிக்கொண்டே போயிற்று. ஸ்கேன் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை இயக்குபவரும் இருந்தார். கூட்டிப்போக ஆள் இல்லை, அவ்வளவுதான். ஏழைக்காக அமைந்த ஒரு மருத்துவமனை, ஏழைகளிலும் ஏழையான ஒருவரிடம் ‘உறவினரைக் கொண்டு வா’ என்று நிபந்தனை வைப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, தகவல். காலையில் சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்பே காவலர்கள் வந்து உடன் இருப்போர் அனைவரையும் வார்டுக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நெரிசலைத் தவிர்க்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நோயைப் பற்றி முழுதும் அறிந்த ஒரே மனிதர் வார்டுக்குள் இருக்கும் அந்த நேரம்தான் வீட்டார் வெளியே நிற்கும் நேரமும் என்று ஆகிவிடுகிறது. மத்தியானம் போய்க் கேட்டால், பட்டமேற்படிப்பு மாணவர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, ‘சார் ரவுண்ட்ஸ்ல சொல்லுவாங்க’ என்கிறார். அறுவை சிகிச்சை தள்ளிப்போனதை நாங்கள் அறிந்ததே, காலையில் சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்த சகோதரிக்கு ரொட்டியும் பாலும் வந்தபோதுதான். அந்த மாணவர் மீது எனக்குக் கோபமில்லை. முந்தைய இரவு முழுதும் அவர் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் தகவல் பெறும் உரிமைதான் முதலில் வருகிறது. நோயின் தன்மை, செய்யப்போகும் சிகிச்சை, அதில் வரக்கூடிய சிக்கல் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது அது. எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரி முழுதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது காலை ஊன்றலாம் என்பவற்றை மருந்துக் கடைக்காரரிடம் காட்டித் தெரிந்துகொண்டோம்.

2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்திய கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்க 2008-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, அதைக் கடுமையாகச் செயல்படுத்தத்தான் வேண்டும். அச்சம்பவத்தை ஒட்டி, உடன் இருப்போரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும், அவர்களுக்கு அடையாளப் பட்டை கட்டவும் ஏற்பாடுகள் பேசப்பட்டன. பாதுகாப்பு நோக்கில் அவை சரியே. ஆனால் ஒரு பக்கம் உறவினர் உள்ளே வரக்கூடாது என்கிறோம், மறுபக்கம் அவர் இல்லாவிட்டால் ரத்த மாதிரி ஆய்வகம் போகாது, ஸ்ட்ரெச்சர் நகராது என்று வைத்திருக்கிறோம். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும்? உறவினரின் வேலையைச் செய்ய ஊழியரை நியமித்தால், கூட்டம் தானாகவே பாதியாகக் குறையும். வராந்தாவிலும் மாடிப்படி அடியிலும் பாய் விரித்துக் கிடக்கும் பலர் பாசத்தால் மட்டும் அங்கே கிடக்கவில்லை; விடிந்தால் யாராவது ஓட வேண்டுமே என்பதற்காகவே கிடக்கிறார்கள். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சாப்பிட்டுச் சமாளிக்கலாம். இழந்த நாள் கூலியை எப்படிச் சமாளிப்பது?

தனியார் மருத்துவமனையில் உறவினர் நிற்கும் ஒரே வரிசை பணம் கட்டும் வரிசைதான். மற்ற எல்லா ஓட்டத்துக்கும் அங்கே ஆள் உண்டு. அதற்கான செலவு நம் பில்லிலேயே ஏறியிருக்கும் என்பது வேறு. அரசுக்கு அந்த வசதி எங்கே என்று கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் தாம் செய்யும் சிகிச்சைக்கான தொகையைப் பெறுகின்றன. என் சகோதரியின் அறுவை சிகிச்சையும் அத்திட்டத்தில்தான் நடந்தது. அதற்கான கையெழுத்துக்கும் கைரேகைக்கும் காப்பீட்டு அறைக்கு நடந்தவர்களும் நாங்கள்தான். அப்படி வரும் தொகையில் ஒரு பகுதியை நோயாளிகளை அழைத்துச் செல்லும் ஊழியருக்கென்றே ஒதுக்கினால், அரசு கஜானாவைப் புதிதாகத் திறக்க வேண்டியிருக்காது.

மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகம் இதை நகரம் முழுதும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு மருத்துவமனையின் ஒரு எலும்பு முறிவு வார்டில் தொடங்கிப் பார்க்கட்டும். ரத்த மாதிரிகளை அச்சிட்ட பெயர்ச்சீட்டு ஒட்டி, மூடிய பெட்டியில், குறித்த நேரங்களில் வார்டு வார்டாக வந்து வாங்கிச் செல்ல ஓர் ஊழியர். முடிவுகள் கணினி வழியாகவே வார்டுக்கு வர ஓர் ஏற்பாடு. முறிவு நோயாளியைத் தூக்கப் பயிற்சி பெற்று, சீருடையில், பணிநேரம் பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட நான்கு பேர். பிற்பகலில் ஓர் அரை மணி நேரம் மூத்த மருத்துவர் ஒருவர் வார்டு வாசலில் அமர்ந்து வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவது. டிஸ்சார்ஜ் சம்மரியுடன் மருந்தும் பத்தியமும் அடுத்து வர வேண்டிய தேதியும் தமிழில் எழுதிய ஒரு தாள். அந்த வார்டில் சேர்க்கைக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையே ஆகும் நாள்கள் எவ்வளவு குறைகின்றன என்பதை ஆறு மாதம் கழித்து இயக்குநரகம் வெளியிட வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி வெளியிடும்படி தங்கள் நிருபர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.