கட்டடம் சரி, மதியச் சாப்பாடு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கென்யாவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் கிராமங்களில் அறக்கொடையால் நடக்கும் தொடக்கப்பள்ளிகளுக்கு உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2003 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கட்டணம் கிடையாது. ஆனாலும் சீருடை, நோட்டு என்று செலவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. மாசாய்களுக்கு மாடுதான் சேமிப்பு. 2020 கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பருவமழைகள் பொய்த்ததில் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. மேய்ச்சல் தேடிக் குடும்பம் நகர்ந்தால் பையன்களின் படிப்பும் போச்சு. அந்த நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது, மக்காச்சோளத்தையும் பீன்சையும் சேர்த்து வேகவைத்த ஒரு தட்டு கிதேரிதான்.

நன்கொடையாளர்களுக்கோ கட்டடத்தின் மேல்தான் ஆசை. பெயர்ப்பலகை வைக்கலாம் அல்லவா! தண்ணீர்த் தொட்டிக்கும், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கும், மாசாய்களின் தாய்மொழியான ‘மா’ மொழி தெரிந்த ஆசிரியரின் சம்பளத்துக்கும் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. வீட்டில் மா மொழி மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் பேசினால் அது என்ன செய்யும்?

ஒரே தடவையில் பெருந்தொகை தருவதைவிட, சிறு தொகையானாலும் மாதாமாதம் அனுப்புங்கள். அடுத்த பருவத்துக்கு எத்தனை மூட்டை மக்காச்சோளம் வாங்கலாம் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே கணக்குப் போட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை