டிசெம்பரில் உப்புவெளிக்கு முன்னால் நங்கூரம் வேண்டாம்: எங்கள் பாய்ப்படகுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

டிசெம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடு மூன்று படகுகளிலும் ஏறி, திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, நான்கு இரவுகள் வடக்கே உள்ள உப்புவெளிக் கரைக்கு நேரே நங்கூரம் போட்டுத் தங்குவது என்று சென்ற கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்துவிட்டீர்கள். அன்று நான் வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். இப்போது எழுத்தில் போடுகிறேன்.

உப்புவெளியை நீங்கள் பார்த்தது ஓகஸ்டில். அப்போது வீசுவது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. நிலத்தைக் கடந்து வரும் அந்தக் காற்றுக்குக் கரையோரத்தில் அலை எழுப்பத் தூரம் போதாது. காலையில் கோணேசர் மலையில் நின்று வடக்கே பார்த்தால், உப்புவெளிக் கரையை ஒட்டி, வரைபடத்தில் பேக் பே என்று போட்டிருக்கும் அந்தக் குடா முழுவதும் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும். டிசெம்பரில் வடகிழக்குக் காற்றான வாடை அந்தக் குடாவின் வாய்க்குள் நேராக நுழைகிறது. வங்காள விரிகுடாவில் நாட்கணக்காக உருண்டு வளர்ந்த அலையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. என் பேச்சை நம்பாவிட்டால், கரைவலைக்காரரின் வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஓகஸ்டில் நீர் விளிம்பில் நின்றவற்றை மாரியில் மேட்டுக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள்.

இது பழைய கதை. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாமல், ஒக்டோபர் பிறந்தால் சென்னையை விட்டுப் போர்க்கப்பல்கள் கிளம்பிவிடும். திருகோணமலைக்காக ஐரோப்பியர் அடித்துக்கொண்டதே அதன் உள் துறைமுகத்துக்காகத்தான். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இதே பேக் பேயில் படையை இறக்கினார். ஆனால் அது ஓகஸ்ட் மாதம். அடுத்த சில நாட்களில், செப்டெம்பர் 3ஆம் திகதிக் கடற்போரை முடித்துத் திரும்பியபோது, அவருடைய ஓரியன் என்ற பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் வேளையில் தரைதட்டி அழிந்தது. நம்மிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் பொழுது சாய்ந்த பிறகு யாரும் உள்ளே நுழைய வேண்டாம்.

என் சொந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதே குடாவில்தான் இரவு தங்கினேன். பகலில் பெரிய குறையில்லை. காற்று வடகிழக்கிலிருந்து வந்தது, படகும் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, அலைக்குக் கொடுத்து ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் கடற்காற்று தளர்ந்து, நிலத்திலிருந்து மெல்லிய காற்று வரத் தொடங்கியது. படகு அந்தக் காற்றுக்கு முகம் திருப்பியது. அலை மட்டும் திரும்பவில்லை, பழைய திசையிலிருந்தே வந்து பக்கவாட்டில் இடித்தது. விடியும்வரை ஒரே உருட்டல். சோற்றுப் பானை, தண்ணீர்ப் போத்தல், சின்னவன் என்று எல்லாம் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போய்வந்தன. நங்கூரம் இம்மியும் நகரவில்லை, படகுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் மகள் அதன்பின் இரண்டு வருடம் படகில் கால் வைக்கவில்லை. நாம் பெரியவர்கள் மட்டும் போவதென்றால் இந்த உருட்டலைச் சிரித்துக்கொண்டு தாங்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மாமிக்கும் அது நியாயமா?

ஆகவே இரவில் உள் துறைமுகத்திலேயே தங்குவோம். அலை உள்ளே வரவேண்டுமானால் வெளியே உள்ள கொட்டியாரக் குடாவைத் தாண்டி, ஒடுங்கிய வாயிலில் நுழைந்து, பிறகு குன்றுகளைச் சுற்றித் திரும்ப வேண்டும். அதற்குள் களைத்துவிடும். கரையோரக் குடைவுகளில் சேற்றடி, நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தக் கணக்கும் எளிது. ஆறு மீட்டர் நீரில், அணியத்தின் உயரம் ஒரு மீட்டர் சேர்த்து ஏழு. அதற்கு ஐந்து மடங்கு நங்கூரச் சங்கிலி விடுவது என்றால் 35 மீட்டர். படகின் நீளத்தையும் கூட்டினால் ஒவ்வொன்றும் சுற்ற ஏறத்தாழ 45 மீட்டர் ஆரம் வேண்டும். மூன்று படகையும் அருகருகே போட்டு இரவெல்லாம் பாட்டுப் பாடும் திட்டத்தை மறந்துவிடுங்கள். துறைமுகத்துக்கு வெளியே வாயிலை ஒட்டிக் கடலடி மடமடவென்று ஆழமாகிவிடும், அங்கே நம் சங்கிலி எட்டாது.

குறைகளை மறைக்கவில்லை. மணல் இல்லை. கண்டல் ஓரங்களில் நுளம்பு பிய்த்துத் தின்னும், வலை எடுத்து வாருங்கள். கடற்படைப் பகுதிகளும் உள்ளே இருப்பதால் எந்த மூலையில் தங்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி கேட்டு வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மணல் வேண்டுமென்றால் கரையில் இறங்கி ஓட்டோ பிடித்து உப்புவெளிக்குப் போகலாம், சில கிலோமீட்டர்தான். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்கு இந்த முறை வேண்டாம். அந்தப் பவளப்பாறைகளுக்கு மேல் நங்கூரம் போடும் நினைப்பே எந்த மாதத்திலும் வேண்டாம்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானிலை அறிவிப்பில் ஒரு சொல் வந்தாலும் பயணத்தைத் தள்ளிவைப்போம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கேதான்.

உப்புவெளிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: பயணத்தை ஓகஸ்ட் விடுமுறைக்கு மாற்றுங்கள், நானே முதல் படகில் வருகிறேன். அப்போதும் கரைவலை வளைக்கும் இடத்தைக் கேட்டறிந்து விலகித்தான் நிற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரைபடத்தையும் கவராயத்தையும் கொண்டுவருகிறேன். உள்ளே மூன்று இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மாமியை அழைத்து வருவதா என்பதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்