இல்லங்களில் வேலை செய்கிறவர்களையும் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநலம் பாதித்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டு விதமான செய்திகள்தான் வருகின்றன. யாரோ ஒருவர் பிறந்தநாளுக்கு அங்கே சாப்பாடு போட்டார் என்று படத்தோடு வரும், இல்லையென்றால் அதிகாரிகள் போய் சீல் வைத்தார்கள் என்று வரும். உள்ளே ராப்பகலாக வேலை பார்க்கிற கேர்டேக்கர், நர்ஸ், சிறப்பு ஆசிரியர், சமையல்கார அம்மா இவர்கள் என்ன சம்பளத்தில், எந்த நிலைமையில் இருக்கிறார்கள் என்று எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் ஒரு சிறப்புப் பள்ளியிலும் பிறகு ஒரு மனநல மறுவாழ்வு இல்லத்திலும் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நைட் டியூட்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் பகுதியில் நாற்பது பேருக்கு ராத்திரியில் ஒரே ஒரு ஆள். மாத்திரை கொடுத்து, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து (கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து அப்புறம் துப்பிவிடுகிறவர்கள் உண்டு), பதிவேட்டில் எழுதி முடிக்கவே பத்தரை ஆகிவிடும். ஒருவருக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் கேட்டைப் பிடித்து உலுக்கி வீட்டுக்குப் போகணும் என்று கத்துவார், அந்தச் சத்தத்தில் இன்னும் நாலு பேர் எழுந்துவிடுவார்கள். அந்த ஒற்றை ஆள் என்ன செய்வாள்? கத்துகிறவரை அறையில் விட்டுப் பூட்டுவாள். தனி அறையில் அடைக்கக் கூடாது, சங்கிலி போடவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் அதை நடத்திக்காட்டக் கூட இரண்டு பேராவது வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை இந்த மாநிலம் மறந்துவிடக் கூடாது. பூட்டுப் போட்ட வார்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இதற்குப் பணம் இல்லையா என்றால், ஒருவிதமான பணம் நிறையவே வருகிறது. சாப்பாடு போட ஆள் கிடைக்கிறார்கள். கல்யாண நாள், திதி, பிறந்தநாள் என்று சில வாரங்களில் மூன்று நாள் பிரியாணியும் லட்டும் வந்துவிடும். மனநோய்க்கான பல மாத்திரைகளால் உடம்பு பெருக்கும், சர்க்கரையும் ஏறும் என்று சொன்னால் கொடுக்க வந்தவர்களுக்கு மனசு கஷ்டப்படுகிறது, அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் நைட் டியூட்டிக்கு இன்னொரு பெண்ணைப் போட ஒரு மாதச் சம்பளம் தாருங்கள் என்று கேட்டால் அது நிர்வாகச் செலவுதானே என்று நகர்ந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நிறுவனத்தை நடத்துகிறவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை, சம்பளம் கொடுக்க நகையை அடகு வைத்த ஒரு நிர்வாகியையும் எனக்குத் தெரியும்.

ஆள் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ரயிலேறி வழிதவறி வந்து சேர்ந்த, ஒடியா மட்டுமே பேசுகிற ஒரு அம்மா எங்களிடம் இருந்தார். ஒரே ஒரு கேர்டேக்கர் பெண்ணைத்தான் தலையைத் தொடவிடுவார். அவள் செல்போனில் ஒடியா பக்திப் பாட்டைத் தேடிப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, பின்னிவிடுவாள். அவளுக்கு ஒரு ஜவுளிக்கடையில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகவும் இ.எஸ்.ஐ. அட்டையும் கிடைத்தது, போய்விட்டாள். எப்படிப் போகாமல் இருப்பாள், இரண்டு பிள்ளைகள். அதற்கப்புறம் அந்த அம்மா யாரையும் கிட்டே விடவில்லை, பேன் பிடித்துப் புண்ணாகி, கடைசியில் நாலு பேர் பிடித்துக்கொண்டு மொட்டையடிக்க வேண்டியதாயிற்று. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

சம்பளத்தை மதிப்பூதியம் என்று வவுச்சரில் எழுதிக் கொடுப்பதால் பி.எப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த சிறப்பு ஆசிரியருக்கும் அதே வவுச்சர்தான். ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கு முன்னாலேயே கணக்கை முடித்து, ஒரு மாதம் கழித்துப் புது ஆளாக எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். வேலைநீக்கம் போன்றவற்றை எதிர்த்து ஊழியர்கள் முறையிட வழி தந்த தொழில் தகராறு சட்டத்துக்குள் தர்ம ஸ்தாபனங்களும் வரும் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. 2020-இல் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, தர்ம, சமூக சேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டது. நாளைக்கு ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பினால் அவள் எங்கே போய் முறையிடுவாள்?

அப்புறம் மனசு சம்பந்தப்பட்டது. கையில் கடிபட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்ப டியூட்டி. உள்ளே இருந்த ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டபோது அவளை முதலில் பார்த்தவள் எங்கள் நர்ஸ். போலீஸ் விசாரணை நடந்தது, ஆனால் அவளை உட்காரவைத்து என்னம்மா ஆச்சு என்று கேட்க ஆளில்லை. ஊருக்கெல்லாம் கவுன்சலிங் கொடுக்கிற இடம் அது. லீவு கேட்டதற்கு, சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று சொன்னார்கள்.

மாநில மனநல ஆணையத்தையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஆய்வுக்கு வரும்போது கட்டில், கழிப்பறை, சமையலறையோடு நைட் டியூட்டி பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று. சம்பளம் வங்கிக் கணக்கில் போகிறதா, பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறார்களா என்று பாருங்கள். நிர்வாகி பக்கத்தில் இல்லாமல் ஊழியர்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அரசு மானியம் கொடுக்கும்போது கேர்டேக்கர் சம்பளத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதபடி கணக்குப் போட்டுக் கொடுங்கள். சாப்பாடு போட நினைக்கிற வாசகர்கள் இந்த வருடம் அதே பணத்தை ஒரு நைட் டியூட்டி ஆளின் சம்பளத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊழியர், மதுரை
(என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)