விடுதிக் கதவில் எழுதியது குறித்து

நண்பர்களே, நேற்றிரவு இரண்டாம் மாடியில் ஒரு தம்பியின் அறைக்கதவில் சாதியைச் சொல்லி மார்க்கரால் வசை எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நல்ல மனதுதான், ஆனால் சாட்சியமும் போய்விட்டது, ஊதா நிறக் கறை மட்டும் மிச்சம். இனி முதலில் படம் எடுங்கள், பிறகு துடைக்கலாம். படத்தை இங்கே போட வேண்டாம். அவர் இரண்டாம் முறை கூசிப்போவார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகளின்படி, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். நாளை காலை அவரிடம் எழுத்துமூலம் புகார் தருகிறோம்; பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்குவோம். ‘விளையாட்டுக்கு எழுதியிருப்பார்கள்’ என்று காப்பாளர் இப்போதே ஆரம்பித்துவிட்டார். அவர் அறைக்கதவில் எவரும் விளையாடியதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. தேசிய உதவி எண் 14566. காவல் நிலையம் போவதா என்பதை அந்தத் தம்பியே முடிவு செய்யட்டும். இன்றிரவு உணவுக்கூடத்தில் அவர் பக்கத்தில் யாராவது உட்காருங்கள்.