கூலரை விட ஹோஸ் முக்கியம்

நாமக்கல்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது கோல் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நீ எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். பறிகூலியும் உரச் செலவும் போனால் கையில் எதுவும் நிற்பதில்லை என்ற வரி வந்தபோது, அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் அப்பா. முட்டை விலை இறங்கும்போது பண்ணைக்காரர்கள் படும் பாட்டை இங்கே பார்த்துக்கொண்டே இருக்கிறவர் அவர். விளைவிக்கிறவன் கையில் விலை இல்லை என்கிற கதை கோத்தகிரியிலும் நாமக்கல்லிலும் ஒன்றுதான். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. தினசரியை மறுபடி தானே படிக்கிறார். பட்டறையில் லாரி பாடி வேலை சுமாராகப் போகிறது, குறை சொல்ல முடியாது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்குக்கு ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் குளிர வைக்கும் சின்ன ரேடியேட்டர்) வைக்கலாமா, நான் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு என்னதான் செய்தேன் என்று கேட்டிருந்தாய். சுருக்கமாக எழுத முடியவில்லை, பொறுமையாகப் படி.

என்னுடையது பழைய 411 சிசி ஹிமாலயன். 2023 இறுதியில் வந்த 450 மாடலைப் போலத் தண்ணீரில் குளிரும் இன்ஜின் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். 2016இல் வந்த முதல் வண்டியிலிருந்தே கம்பெனி அதில் ஆயில் கூலர் வைத்துத்தான் விற்றது. கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி ஜல்லி பெயர்ந்து கிடக்கும் ஒரு தடத்தில் முன் சக்கரம் எறிந்த கல் கூலரின் கீழ்மூலையில் பட்டுவிட்டது. பூட்ஸில் ஆயில் தெறித்ததும் இன்ஜினை அங்கேயே நிறுத்தி, டாடா ஏஸில் ஏற்றிக் கீழே கொண்டு வந்தேன். அதே இடத்தில் கம்பெனிக் கூலர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் கழற்றிப் பார்த்தபோது ஃபின் தகடுகளுக்கு நடுவில் செம்மண் கெட்டியாக அப்பிக்கிடந்தது. பாதி கூலருக்குக் காற்றே போயிருக்காது. முன் சக்கரம் சேற்றையும் கல்லையும் வாரி வீசுகிற நேர்கோட்டில் அதை மறுபடி நிறுத்த மனம் வரவில்லை. ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன்செட்டுக்குக் கீழே, ஃபிரேமின் முன்குழாயில் முடிந்தவரை உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்தேன். இடம் மாறியதால் இன்ஜினுக்கும் கூலருக்கும் நடுவில் ஆயில் போய்வரும் பழைய ஹோஸ் எட்டவில்லை. உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கு முன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூலர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. முதல் கியரில், நடக்கிற வேகத்தில் கல்மேட்டில் ஏறும்போதுதான் இன்ஜின் அதிகமாகச் சுடும். அப்போது சிலிண்டர் ஃபின்களுக்கும் காற்று கிடையாது, கூலருக்கும் கிடையாது. ஏறி முடித்து வண்டி கொஞ்சம் ஓடத் தொடங்கியதும், பிஸ்டன் அடியிலும் ஹெட்டிலும் ஆயில் வாங்கி வைத்திருக்கிற சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடுவதுதான் கூலரின் உபயோகம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி சோளக்காடு போய்ச் சேரும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நின்ற இடத்தில் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. சிலர் சின்ன ஃபேன் வைக்கிறார்கள். சேற்றில் ஓடுகிற வண்டிக்கு அது ஒத்து வராது என்பது என் எண்ணம்.

இப்போது ஹோஸ். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் உனக்குத் தெரியும். அதில் ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் இளம்வயதில் ரிக்கோடு வடக்கே பல ஊர் சுற்றியவர். ஹோஸைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தே அது எத்தனை வருஷம் ஓடியது என்று சொல்கிற ஆள். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது பிரஷர் எவ்வளவு என்று. ரிக்கில் 200 பாருக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். பைக் இன்ஜினில் ஆயில் பிரஷர் அதில் ஒரு துளி, சில பார்தான். அதனால் எந்த ஹைட்ராலிக் ஹோஸும் போதும் என்று தோன்றும். பிரஷருக்குப் போதும், சூட்டுக்குப் போதாது. சாதாரண ஹைட்ராலிக் ரப்பர் ஹோஸ்களின் வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி. கோடையில் மலை ஏறும்போது ஆயில் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் உள் ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டு, ஃபிட்டிங் பக்கத்தில் கசிய ஆரம்பிக்கும். சில சமயம் உள்ளே உதிர்ந்த துணுக்கு ஆயில் வழியை அடைக்கும்.

இதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்டீம் ஹோஸ்தான் தம்பி" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். திருப்பூரில் அயர்ன் டேபிளுக்கு நீராவி கொண்டுபோகிற டெஃப்ளான் ஹோஸ், மேலே ஸ்டெயின்லெஸ் கம்பி பின்னல். டெஃப்ளான் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆயிலும் பெட்ரோலும் அதை ஒன்றும் செய்யாது. ஒரு குணம் மட்டும் உண்டு: குறுகலாக வளைத்தால் மடிந்துவிடும், மடிந்த இடம் மறுபடி நேராகாது. அப்படி மடிந்த ஹோஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தக் கம்பிப் பின்னல் வண்டி அதிரும்போது எதில் உரசினாலும் அரம் போல ராவும். ஃபிரேம் பெயிண்ட், வயரிங், அலுமினியம் எதுவும் தப்பாது. ஆகவே முழு நீளத்துக்கும் மேலுறை போட்டேன்.

ஃபிட்டிங் விஷயத்தில் நமக்கு நல்ல சேதி உண்டு. ரேஸ் சாமான் என்று விற்கும் ஏ.என். 6 என்ற அளவுக் கூலரின் வாய், 37 டிகிரிக் கோணமும் 9/16 அங்குல மரையும் கொண்டது. ஜே.சி.பி., ரிக் எல்லாவற்றிலும் வருகிற ஜே.ஐ.சி. வகை ஹைட்ராலிக் ஃபிட்டிங்கின் கோணமும் மரையும் அதுவேதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை, அவர் டப்பாவிலேயே கிடந்தது. இன்ஜின் பக்கம்தான் ஜாக்கிரதை. அங்கே வருவது மெட்ரிக் மரை, நடு ஓட்டை வழியாக ஆயில் போகிற பேஞ்சோ போல்ட். கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) போல்ட்டும் மெட்ரிக் எம்14 போல்ட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று 13.16 மில்லி, மற்றது 14. மரை இடைவெளியும் வேறு. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றுப் போகும், அப்புறம் இறுகும். இறுகியதை ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய மரை போயிற்று, கூடவே இன்ஜின் கேஸும். வெர்னியரும் மரை அளக்கும் கேஜும் வைத்துப் பார்த்த பிறகுதான் லேத்தில் அடாப்டர் கடையச் சொன்னேன். பேஞ்சோ போல்ட்டின் நடு ஓட்டையைக் கவனி. ஹோஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆயில் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். கம்பெனி வைத்த ஓட்டையை விடச் சிறிதாக எதையும் அந்த வழியில் விடாதே.

நீளம் எடுக்க ஒரு வழி சொல்கிறேன். கூலரைப் பிடிப்பானில் மாட்டி, பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, ஹோஸ் போக வேண்டிய வழியில் கட்டிப் பார். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பு. ஃபோர்க்கை முழுசாக அமுக்கிப் பார். இன்ஜினிலிருந்து சூடான புகை வரும் பெண்டு பைப்புக்குப் பக்கத்தில் எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள். பிரஷர் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் தளர்வு வேண்டும். இரண்டு முனையும் வளைந்த ஃபிட்டிங் என்றால், ஒன்றுக்கு ஒன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது கிரிம்ப் செய்வதற்கு, அதாவது மெஷினில் அழுத்திப் பிடிப்பதற்கு, முன்பே தெரிந்தாக வேண்டும். கோணம் தப்பினால் ஹோஸை முறுக்கித்தான் மாட்ட முடியும். முறுக்கின ஹோஸ் அதிர்வில் நட்டைக் கழற்றப் பார்க்கும். நான் ஃபிட்டிங்கை ஒவ்வொரு முனையிலும் செருகி, ஹோஸின் மேல் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் மெஷினில் வைத்தார்.

அவர் வேலை செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முனையைச் செங்கோணமாக வெட்டினார். பின்னல் கம்பி ஒன்றுகூடப் பிரிந்து நிற்காமல் ஃபெரூல் என்கிற உலோக வளையத்தை ஏற்றினார். ஃபிட்டிங்கின் நிப்பிள் ஹோஸுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்று அடையாளம் வைத்தார். மெஷின் அழுத்தி முடித்ததும் ஃபெரூலின் விட்டத்தை வெர்னியரில் பார்த்தார். ஆறு இடத்தில் அளந்தார், சின்னப் பைக் ஹோஸுக்கு. காற்று வைத்து உள்ளே ஊதி, டீசல் விட்டுக் கழுவி, மறுபடி ஊதி, இரண்டு முனையையும் மூடிக் கொடுத்தார். வெட்டும்போது விழும் கம்பித்தூள் உள்ளே இருந்தால் அது ஆயிலோடு போய் பேரிங்கில் உட்காரும். கழுவாமல் கொடுக்கிற கடையில் ஹோஸ் அடிக்காதே. எத்தனை சொன்னாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கூலர் பிடிப்பானை நம் பட்டறையிலேயே வெல்டிங் வைத்துக்கொண்டேன். நேராக போல்ட் போடாமல் ரப்பர் புஷ் வழியாகப் பிடித்திருக்கிறேன். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் அலுமினியக் காது விரிசல் விடுவது சகஜம். கூலரின் வாய் இரண்டும் மேலே பார்க்கிற மாதிரி வைத்தால் உள்ளே காற்று சிக்காது. முன்னால் கம்பி வலை உண்டு. கொஞ்சம் காற்றை மறைக்கத்தான் செய்யும், ஆனால் கல் பட்டதைப் பார்த்தவன் வலை இல்லாமல் போக மாட்டான். நட்டை இறுக்கும்போது கூலரின் வாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் வாயே திருகி விரிசல் விடும். பேஞ்சோவுக்குப் புது காப்பர் வாஷர் போடு. கூலருக்குள் முன்பே ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டு. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நேராக நிறுத்தி ஆயில் லெவல் பார். கூலரும் நீண்ட ஹோஸும் கொஞ்சம் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவை ஊற்ற வேண்டியிருக்கும்.

பலன் எப்படி என்று கேட்பாய். முன்பு சித்திரை வெயிலில் மலை ஏறினால் ஆயில் 120 டிகிரியைத் தாண்டும். இப்போது அதே ஏற்றத்தில் 105, 110 பக்கம் நிற்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் கியர் விழுவதில்கூட வித்தியாசம் தெரிகிறது, நியூட்ரல் சண்டை போடாமல் வருகிறது.

இனி உன் வண்டி. எக்ஸ்பல்ஸ் 2019இல் வந்தபோது கூலர் கிடையாது. அடுத்த வருஷம் பிஎஸ்6 புகை விதிக்கு வந்த மாடலில் ஹீரோவே வைத்துவிட்டது. அதனால் உன் யோசனை தப்பில்லை. ஆனால் நீ இருப்பது கோத்தகிரி. மார்கழிக் காலையில் பக்கத்து ஊட்டியில் உறைபனி விழுகிற இடம். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் ஆயில் மூடியில் பால் போல வெள்ளையாகப் படியும், இன்ஜினுக்கு அது கெடுதல். ஆகவே முதலில் ஆயில் சூட்டை அள. ட்ரெயின் போல்ட்டில் சென்சார் வைத்து ஒரு சின்ன மீட்டர் போதும். சூடு அளக்கும் லேசர் துப்பாக்கியால் பளபளக்கும் அலுமினியத்தை அளந்தால் குறைத்துக் காட்டும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பார்த்தால் பரவாயில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் திரும்ப ஏறும்போதும் 120க்குள் நின்றால் பணத்தைச் செலவு செய்யாதே, நல்ல சிந்தெடிக் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். தாண்டுகிறது என்றால் கூலர் வை, கூடவே தெர்மோஸ்டாட்டும் வை. அது 80 பக்கம் வரும்வரை கூலருக்கு ஆயிலை அவ்வளவாக விடாது. உன் இன்ஜினில் ஆயில் வழி எங்கே போகிறது, எந்த இடத்தில் எடுத்து எங்கே திருப்பிக் கொடுக்கலாம் என்பதை மட்டும் இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கை வைத்துக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய். அதை ஊகத்தில் செய்யக் கூடாது.

அளந்து பார்த்துவிட்டு எழுது. வேண்டும் என்றால் வண்டியோடு இங்கே வந்துவிடு, ஹோஸை நம் ஆளிடமே அடித்துக்கொள்ளலாம். ஃபிரேம் குழாய்களுக்கு நடுவில் இருக்கிற அகலத்தை மட்டும் முன்னதாக அளந்து அனுப்பினால், பிடிப்பானை வெல்டிங் வைத்துத் தயாராக வைத்திருப்பேன். வருகிற சாக்கில் அம்மாவையும் பஸ்ஸில் கூட்டி வரச் சொல் உன் வீட்டுக்காரியிடம். நரசிம்மர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று போன தடவையே கேட்டார்கள்.

அன்புடன்,
செல்வம்